எலுமிச்சம்பழம் பிழிந்த பிராணவாயு

சயின்ஸ் சாருக்கு எண்பது வயது நிறைகிறதாம். விழா எடுக்கிறீர்களாம். மலர் போடுகிறீர்களாம். பத்தாம் வகுப்பில் அவரிடம் படித்தவர்கள் ஆளுக்கொரு பசுமையான நினைவு எழுதித் தர வேண்டுமாம். ஒரு வாரமாக நம் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகளும் ரோஜாப்பூவும் வந்து கொட்டிக்கொண்டிருக்கின்றன. பசுமை என்று நீங்களே கேட்டதால் நானும் ஒன்று எழுதுகிறேன். மலரில் போடுவீர்களோ அழிப்பீர்களோ, அது உங்கள் பாடு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அருவருப்புப் பிடித்தவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிறர் குடித்த டம்ளரில் குடிக்க மாட்டேன், பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பேன். அதனால் நம் பள்ளிக்கூடம் என்றதும் உங்களுக்கு மரமும் மணியும் நினைவுக்கு வருகிற இடத்தில் எனக்கு முதலில் மூக்குத்தான் வேலை செய்யும். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதுமே பாத்ரூம் வாடை வரவேற்கும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வழவழவென்று ஒரு பச்சை, அதன்மேல் யாரோ கொட்டிய தயிர்சாதம். லேப் என்று பேர் வைத்த அறையில் ஃபார்மலின் ஜாடிக்குள் ஒரு தவளை, தோல் உரிந்து, பஞ்சு மாதிரி மிதந்துகொண்டிருக்கும். அதற்குப் பக்கத்து ஜன்னலில்தான் சாரின் டிபன் பாக்ஸ் இருக்கும்.

சார் பொடி போடுவார். ஞாபகமிருக்கிறதா? கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சிட்டிகை எடுத்து, தலையை அண்ணாந்து உறிஞ்சி, அதே விரலால் சாக்பீஸைப் பிடித்து எழுதுவார். பிறகு அந்த சாக்பீஸை நம் கையில் கொடுத்து, "படம் போடு" என்பார். நான் போர்டுக்குப் போகவே பயப்படுவேன். பாடம் தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்து முட்டி போடச் சொல்லியிருக்கிறார். சாக்பீஸின் பழுப்பு நிறத்தை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

ஒளிச்சேர்க்கை பாடத்தை அவர் நடத்திய அழகும் எனக்கு நினைவிருக்கிறது. நோட்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்தார். பச்சையம், கரியமில வாயு, தண்ணீர், சூரிய ஒளி, இவை சேர்ந்து மாவுச்சத்து, வெளியே வருவது பிராணவாயு. "ஃபைவ் மார்க் கொஸ்டின், அடிக்கோடு போட்டுக்கோங்க." அவ்வளவுதான். நாமும் போட்டுக்கொண்டோம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் முழு வெயிலில் நின்று அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருத்தி மட்டும் பார்த்தாள். என் பெஞ்சுக்காரி. சிமெண்டுக் கடைக்காரர் பெண் என்றால் உங்களுக்குத் தெரியும். அவர்கள் குடும்பம் அந்த ஊரிலேயே பூர்வீகமாக இருந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு, அவள் அப்பா மெயின் ரோட்டில் சிமெண்டும் கம்பியும் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் வீடு நிற்கிற மனையும் அவர்கள் நிலம்தான். என் அப்பா அம்மா இருவருமே ஆபீஸ் போகிறவர்கள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவளோடு நான் சேர்வது அம்மாவுக்குப் பிடிக்காது. "அந்தப் பொண்ணு வந்துட்டுப் போனா வீடு முழுக்க ஏரி நாத்தம்" என்பாள். அவள் தினம் குளித்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வருவாள். அவளிடம் நாற்றம் எதுவும் இல்லை, எனக்கல்லவா தெரியும்!

பாடம் நடந்த அன்றைக்கு மத்தியானம் அவள் என்னிடம் கேட்டாள். "அப்போ அந்த மரம் இப்போ சோறு ஆக்கிக்கினா கீதுடி?"

"ஆமா."

"புகையே காணோமே."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. புத்தகத்தில் போட்டிருந்த சோதனையை அவளே வீட்டில் செய்து பார்த்தாள். செம்பருத்திச் செடி ஒன்றைத் தொட்டியோடு தூக்கி, இருக்கிற மாவுச்சத்தெல்லாம் தீரட்டும் என்று சிமெண்டு மூட்டை அடுக்கிய இருட்டு ரூமில் இரண்டு நாள் வைத்தாள். கடை பில் புக்கிலிருந்து கிழித்த கார்பன் பேப்பரை ஒரு இலையின் நடுவில் இரண்டு பக்கமும் மூடி, ஊக்கு குத்தி, வெயிலில் வைத்தாள். அந்த இலையைக் கொண்டுவந்து லேபில் கொடுத்தபோது சாரும் மறுக்காமல் செய்து காட்டத்தான் செய்தார். ஸ்பிரிட்டில் இலையை வேக வைத்தார். மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வந்தது. பச்சையெல்லாம் ஸ்பிரிட்டில் இறங்கி, இலை வெளுத்து, கழுவிப்போட்ட பழந்துணி மாதிரி ஆகிவிட்டது. மேலே அயோடின் விட்டதும் வெயில் பட்ட இடமெல்லாம் கருநீலமாக மாறியது. பேப்பர் மூடியிருந்த நடுப்பட்டை மட்டும் வெளிறியபடியே நின்றது.

"வெயில் பட்ட இடத்துலதான் சோறு கீது" என்றாள் மெதுவாக. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நான் இலையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கழுவி, அவள் சயின்ஸ் புத்தகத்துக்குள்ளேயே ஒட்ட வைத்துக்கொண்டாள்.

எனக்கு அந்தப் பாடம் பிடித்ததற்குக் காரணம் வேறு. யோசித்துப் பாருங்கள். உலகத்தில் உயிரோடிருக்கிற எல்லாமே இன்னொன்றைத் தின்று, மென்று, கழிந்து திரிகிறது. நாம், நாய், ஈ, ஏரிக்கரை எருமை, எல்லாம் ஒன்றுதான். செடி மட்டும் யார் மேலும் வாய் வைக்காமல் வெளிச்சத்தைப் பிடித்து, நாம் விட்ட மூச்சையும் தண்ணீரையும் வைத்துத் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்கிறது. நாம் தின்கிற அரிசியும் பருப்பும் அது வெயிலில் செய்து வைத்த மிச்சம்தான். அது வேண்டாமென்று வெளியே தள்ளுகிறதுதான் நமக்கு உயிர்மூச்சு. அருவருப்புப் பிடித்தவளுக்கு இதைவிடச் சுத்தமான ஜீவன் வேறு எங்கே கிடைக்கும்?

பொங்கல் முடிந்து, கண்காட்சி என்று நோட்டீஸ் வந்தது. கல்வி இலாகாவிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். பாத்ரூமுக்கு அடிக்கவில்லை, பூட்டுத்தான் போட்டார்கள். என் பெஞ்சுக்காரி தண்ணீர்ச் செடி சோதனை செய்வதாகப் பெயர் கொடுத்தாள்.

அவள் பெயர் கொடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது. அவளுடைய தாய்மாமா டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். பத்தாவது முடிந்ததும் அவருக்குக் கட்டிவைத்துவிடுவதாகப் பேச்சு. அவளுக்கோ பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் சேர வேண்டும். அப்பாவிடம் கேட்டதற்கு, "பொட்டப்புள்ள செடி படிச்சி இன்னா செய்யப் போறே?" என்று முடித்துவிட்டார். பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுக்குச் சிமெண்டு கொடுத்தவர் என்பதால் கண்காட்சிக்கு அவருக்கு முன்வரிசை நாற்காலி உண்டு. சார்தான் அவளுக்குத் தைரியம் சொன்னார். "ஆபீசர் முன்னாடி நீ நல்லா எக்ஸ்ப்ளெயின் பண்ணு. ஆபீசர் வாயால ரெண்டு வார்த்தை வந்துச்சுன்னா உங்க அப்பா தட்ட மாட்டார். மீதியை நான் பேசிக்கறேன்." இதை என் காதாலேயே கேட்டேன். அவளுக்கு இருந்த ஒரே கதவு அதுதான்.

செடி எடுக்க ஏரிக்குப் போனோம். இன்றைக்குச் சுற்றிலும் நடைபாதை போட்டு, வேலி கட்டி, ஆகாயத்தாமரையும் குப்பையும் மூடிக் கிடக்கிற அதே சேலையூர் ஏரி. அன்றைக்கே ஒரு மூலையில் சாக்கடை இறங்க ஆரம்பித்திருந்தது. எருமைகள் முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். கரையில் யார் யாரோ ஒதுங்கிய அடையாளம். நான் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு மேட்டிலேயே நின்றுவிட்டேன். அவள் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால் ஆழம் இறங்கி, வேலம்பாசியைக் கை நிறைய வாரிக்கொண்டு வந்தாள். பச்சைப் பசேலென்று, சின்னச் சின்ன இலை அடுக்கிய கொடி. காலில் அட்டை ஒட்டியிருந்தது. அவள் பேசிக்கொண்டே அதைப் பிடுங்கி எறிந்தாள். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் ஒத்திகை பார்த்தோம். பீக்கரில் தண்ணீர், அதில் பாசி, பாசியை மூடிக் கவிழ்த்த கண்ணாடிப் புனல், புனலின் காம்புக்கு மேல் தண்ணீர் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்த டெஸ்ட் டியூப். பாசிக்குக் கரியமில வாயு போதாமல் போகக்கூடாது என்று ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. வெயில் ஏற ஏற, பாசியின் வெட்டிய நுனியிலிருந்து கடுகு கடுகாகக் குமிழி கிளம்பியது. ஒன்றன்பின் ஒன்றாகப் புனலில் ஏறி, டியூப் உச்சியில் போய்ச் சேர்ந்து, தண்ணீரைக் கீழே தள்ளியது. மேகம் மறைத்தால் நின்றுவிடும். மேகம் விலகினால் மறுபடி கிளம்பும். என் அம்மா காயப்போட்டிருந்த புடவையை அவள் எடுத்து நிழல் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள்.

"வெயில் போனா அடுப்ப அணைச்சாப்ல கீதுடி!"

சாயங்காலம் டியூபைக் கட்டைவிரலால் மூடி எடுத்து நிமிர்த்தினாள். ஈர்க்குச்சியைக் கொளுத்தி ஊதி அணைத்து, நுனியில் கங்கு மட்டும் இருக்கும்படி உள்ளே விட்டாள். கங்கு பக்கென்று பற்றி எரிந்தது. இரண்டு பேரும் போட்ட கூச்சலில் அம்மா படியேறி வந்து, துணி பற்றிக்கொண்டதோ என்று பயந்து, விஷயம் தெரிந்ததும் எங்களைத் திட்டி, பீக்கரை மோந்து பார்த்து, "இந்தக் கருமத்தை வீட்டுக்குள்ள கொண்டு வராதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாடியில் நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே பெரியவர் அம்மாதான். அவளுக்கும் நாற்றம்தான் தெரிந்தது.

கண்காட்சி அன்று காலை ஏழு மணிக்கே அவள் பீக்கரை வைத்துவிட்டாள். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில், காம்பவுண்டு ஓரத்தில், நல்ல வெயில் அடிக்கிற இடம். பத்து மணிக்கெல்லாம் டியூப் உச்சியில் ஒரு விரலளவு சேர்ந்துவிட்டது. அப்போது ஹெட்மாஸ்டர் வந்தார். பட்டுக்கரை வேட்டி, ஜவ்வாது வாடை.

"என்ன சார் இது, டேபிளை வெளியே போட்டிருக்கீங்க? அவ்வளவு பெரிய மனுஷரை வெயில்ல நிக்க வைக்கிறதா? மரியாதை வேண்டாம்? எல்லாத்தையும் ஹாலுக்குள்ள போடுங்க."

ஹால் என்றால் நம் பிரேயர் ஹால். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உடைந்த பெஞ்சுகளை அடுக்கி ஜன்னலையெல்லாம் மறைத்து வைத்திருப்பார்கள். பட்டப்பகலில் டியூப்லைட் போட்டால்தான் ஆள் தெரியும்.

"சார், உள்ள வெயில் இல்ல சார். செடிக்கு வெயில் வேணும் சார்" என்று அவள் சயின்ஸ் சாரிடம் கெஞ்சினாள்.

"டியூப்லைட் கீழே வெச்சுக்கலாம், போ" என்றார் சார். சொன்னவர் நமக்கு அந்தப் பாடத்தை நடத்தியவர். தூக்கிக்கொண்டு போன அவசரத்தில் டியூப் சாய்ந்து, சேர்ந்திருந்த வாயுவும் போயிற்று.

உள்ளே போனதும் குமிழி குறைந்தது, பிறகு நின்றே போனது. புனலின் விளிம்பில் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. அவள் பீக்கரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முன்வரிசையில், எங்கள் மேசைக்கு நேர் எதிரே, அவள் அப்பா வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

ஆபீசர் மதியம் வந்தார். வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர். பெரிய மனிதரை வெறுங்கையோடு பார்க்கக்கூடாதல்லவா! ஹெட்மாஸ்டர் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிட்டார். பெற்றோர் சங்கத் தலைவர் ஒன்று. ஒவ்வொரு வாத்தியாரும் ஒன்று. ஆபீசர் ஒவ்வொன்றாக வாங்கிப் பின்னால் நிற்கிறவரிடம் தள்ளிவிட, அவர் கொண்டுவந்து எங்கள் மேசை ஓரத்தில் குவித்தார். ஆபீசருக்கு வடை வந்தது. தட்டைக் கையில் பிடித்து, தின்றபடியே மேசை மேசையாக நகர்ந்தார். விரலில் ஒட்டிய எண்ணெயை ஒரு மேசை விரிப்பில் துடைத்தார். அடுத்த மேசையில் தெர்மாகோல் ராக்கெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

எங்களுக்கு முந்தின மேசைக்கு வந்துவிட்டார். சார் பீக்கரைப் பார்த்தார். "என்னடி, ஒண்ணுமே வரலையே?"

"வெளிய வெச்சா வரும் சார்."

சார் சுற்றும் முற்றும் பார்த்தார். மேசையில் இருந்த ஆப்ப சோடாப் பொட்டலத்தை அப்படியே பீக்கரில் கொட்டினார். குவியலிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, பாசி நறுக்குகிற பிளேடால் அரிந்து, பொடி ஏறிய அந்த விரல்களால் புனலுக்கு அடியில் பிழிந்துவிட்டார். நுரைத்துக்கொண்டு எழும்பியது பாருங்கள், கோலி சோடா உடைத்த மாதிரி! டியூபில் மளமளவென்று தண்ணீர் இறங்கியது. எலுமிச்சை விதை ஒன்று பாசியின்மேல் உட்கார்ந்திருந்தது.

"சார், இது கரியமில வாயு சார்" என்றாள் அவள், சின்னக் குரலில்.

"வாயை மூடு. பபுள்ஸ் வருதா இல்லையா? பாத்துட்டுப் போயிடுவாரு."

ஆபீசர் வந்தார். குமிழியைப் பார்த்து, "அட, ஜோரா வருதே!" என்றார். அவள் கங்குக்காக அடுக்கி வைத்திருந்த ஈர்க்குச்சிகளில் ஒன்றை எடுத்துப் பல் குத்தினார். குத்தியதை மோந்து பார்த்துவிட்டு பீக்கர் பக்கத்திலேயே போட்டார். அவள் மனப்பாடம் செய்திருந்ததைத் தடங்கலில்லாமல் சொன்னாள். இலை, பச்சையம், வெயில், மாவுச்சத்து. அவர் தலையாட்டினார். அப்படியே போயிருந்தால் சாரின் திட்டம் பலித்திருக்கும். ஆனால் சுற்றிலும் அத்தனை பேர் பார்க்கும்போது தனக்கும் சயின்ஸ் தெரியும் என்று அவர் காட்ட வேண்டாமா?

"பிராணவாயுன்னா எரியணுமே! எங்கே, குச்சியை வெச்சுக் காட்டு பாக்கலாம்."

சார் ஏதோ நேரமாகிறது என்று இழுத்தார். ஆபீசர் கேட்கவில்லை. அவள் டியூபை எடுத்தாள். கங்கை உள்ளே விட்டாள். பட்டென்று அணைந்தது. இன்னொரு குச்சி கொளுத்தச் சொன்னார். அதுவும் அணைந்தது.

ஹால் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். இந்தக் குழுவில் இன்றைக்கு ரோஜாப்பூ போடுகிற சிலர் பெஞ்சு மேல் ஏறி நின்று சிரித்தீர்கள்.

"ஸாரி சார்" என்று சார் முந்திக்கொண்டார். "ஏரியிலேர்ந்து அழுகின செடியா பார்த்துக் கொண்டாந்திருக்கா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

அவள் சாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நேராக ஆபீசரிடம் திரும்பினாள். "செடி அழுகல சார். இது செடி விட்ட வாயு இல்ல. சார் ஆப்ப சோடா கொட்டி எலுமிச்சம்பழம் பிழிஞ்சாரு. அது கரியமில வாயு, அதான் அணையுது. வெயில்ல வெச்சா எரியும் சார். வெளிய வாங்க, நான் காட்டறேன்."

எலுமிச்சம்பழம் என்றதும் ஆபீசர் முகம் மாறியது. அது அவருக்கு வந்த மரியாதையல்லவா! ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்தார். பிறகு ஆபீசர் சிரித்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "படிப்பு வரும், போகும் பாப்பா. பொண்ணுக்கு அடக்கம் வேணும். குருவைக் காட்டிக் கொடுக்கலாமா?"

கை தட்டினார்கள். அவள் அப்பா எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளைப் பார்த்துத் தலையை ஒரு அசைப்பு அசைத்தார். அவள் பின்னாலேயே போனாள். பரிசு தெர்மாகோல் ராக்கெட்டுக்கு. சாருக்குப் பொன்னாடை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. பரீட்சை எழுத மட்டும் அனுப்புவார்கள், வைகாசியில் டெம்போ மாமாவோடு கல்யாணம் என்று செய்தி வந்தது. நான் சாரிடம் போனேன். "சார், நீங்க அவங்கப்பாகிட்ட வந்து நடந்ததைச் சொல்லுங்க சார்" என்றேன். சார் பொடி டப்பாவைத் தட்டினார். "ஒரு சின்ன டெமான்ஸ்ட்ரேஷன்மா. இதைப் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு! அவ வாய்க்கு அவ பட்டா. நீ போய் ரிவிஷன் பண்ணு." மூக்கிலிருந்து வழிந்ததை வேட்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டார். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒன்று தோன்றியது. அவள் அப்பா, சார் சொன்னதை நம்பிவிட்டார். மகள் பொய்க்காரி என்று நினைத்துத்தான் நிறுத்திவிட்டார். அவர் கண்முன்னால் கங்கு பற்றி எரிந்தால் மனம் மாறாமல் எங்கே போகும்? ஹால் மூலையில் பீக்கரும் புனலும் கழுவாமலே கிடந்தன. எடுத்து வந்தேன். ஏரிக்கு நானே போனேன். நானேதான் இறங்கினேன். சேறு கால்விரல் இடுக்கெல்லாம் புகுந்தது, ஏதோ வழுக்கலாகக் காலைச் சுற்றியது, கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே வாரினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கணுக்காலில் அட்டை. உப்புப் போட்டு எடுத்துவிட்டுத் தோல் சிவக்கிற மட்டும் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லி சர்ச்சுக்குப் போகவில்லை. காலையிலிருந்து மாடியில் பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்ததும் டியூபைத் தண்ணீருக்குள்ளேயே தக்கை வைத்து மூடி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் அப்பா வாசலில் வயர் நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே கதவுக்குப் பின்னால் அவள் பாவாடை தெரிந்தது.

"அங்கிள், ஒரு நிமிஷம் இதைப் பாருங்க. இது செடி விட்ட வாயு. அன்னிக்கு அவ சொன்னதுதான்."

சாமி படத்தில் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தி ஒன்றை நானே போய் எடுத்து வந்தேன். தக்கையைத் திறந்து கங்கை உள்ளே விட்டேன். பக்கென்று சுடர் எழுந்தது. நன்றாக நின்று எரிந்தது. அவர் முன்னால் குனிந்து பார்த்தார்.

"பத்துது" என்றார்.

"ஆமா அங்கிள். அவ பொய் சொல்லல."

"பொய்னு யாரு சொன்னா?" அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அந்தாளு பழம் பிழிஞ்சதை நானே என் கண்ணால பாத்தேன்மா. எதுர்லதானே குந்திகினு இருந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப ஏன் அங்கிள் நிறுத்தினீங்க?"

"அத்தினி பெரிய மனுசங்க எதுர்ல வாத்தியார் மூஞ்சிக்கு நேரா நெஜத்தைச் சொல்லிட்டு நிக்குது. பொய் சொல்லியிருந்தா நாலு அடி போட்டுத் திருத்திக்கலாம். இது நெஜம் பேசுது. இன்னும் ரெண்டு வருசம் படிக்க வெச்சா இன்னாத்துக்கு ஆவும்? எவன் வூட்ல வெச்சிப்பான்?" கோபமே இல்லை அந்தக் குரலில். மூட்டை விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார். "நல்லா எரியுது. தோ, காபி குடிச்சிட்டுப் போ" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

எத்தனையோ அசிங்கங்களை எழுதிவிட்டேன். தவளை ஜாடி, பொடி விரல், பல் குத்திய குச்சி. அவையெல்லாம் கழுவினால் போய்விடும். தெரிந்தே செய்கிற ஒரு மனிதரின் அமைதியான முகம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. ஆபீசருக்கும் தெரியும், ஹெட்மாஸ்டருக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். யாருக்குமே தெரியாமல் நடந்த தப்பு ஒன்றுகூட இல்லை.

அவள் காபி கொண்டுவந்தாள். அழுததுபோல் தெரியவில்லை. என் கையிலிருந்த டியூபை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கதவாண்ட நின்னதுல எனக்குச் சரியாத் தெரியல. நல்லா எரிஞ்சிச்சா?"

"நல்லா எரிஞ்சுது."

"எத்தினி மட்டும் சேந்துது?"

விரலால் டியூபில் காட்டினேன். பாதிக்கும் கீழே.

"நாள் முச்சூடும் வெச்சும் அவ்ளோதானா? சோடா போட்டியா?"

"போட்டேன்."

அவள் யோசித்தாள். உள்ளேயிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள், பட்டுப்பாவாடை எடுத்து வைத்திருப்பதாகவும் மாமா வீட்டார் வருகிற நேரம் என்றும். அவள் போகத் திரும்பினாள். பிறகு நின்று, டியூபை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நடுவுல தண்ணிய மாத்தி, பீக்கரை வெயில் போற பக்கமா நகத்தி நகத்தி வெக்கணும்டி. இன்னும் வந்திருக்கும்."